சுவரைப் பார்த்திருந்த படம்

ஜெர்மனியின் எசன் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலவறையில், ஜாம் போத்தல்களுக்குப் பின்னால், ஒரு பழைய படம் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. அதைத் திருப்பியவர் அம்மா. கடற்படைச் சீருடையில் ஒருவரும் தரைப்படைச் சீருடையில் ஒருவரும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கார அம்மாவின் தகப்பனும் சித்தப்பாவும் என்று மூக்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வீட்டுக்கார அம்மா எண்பதைத் தாண்டியவர், கீழ்த்தளத்தில் தனியாள். குப்பையை வாளி மாற்றிப் போட்டால் அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்துவிடுவார். ஆனால் கார்த்திகையில் நாங்கள் மாமாவின் படத்துக்கு விளக்கேற்றும்போது, கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பார். மாமா அம்மாவின் தம்பி, எங்கள் ஈழப் போரில் இயக்கத்துக்காகக் கடலில் சண்டையிட்டு இறந்தவர். அவரைப் பற்றி நாங்கள் சொன்ன இவ்வளவுக்கு மேல் வீட்டுக்கார அம்மா ஒரு சொல்லும் கேட்டதில்லை.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது அவர் வீட்டுத் திறப்புக் கொத்தை எங்களிடம் தந்திருந்தார். நிலவறையில் தண்ணீர்க் குழாய் கசிந்ததால் சாமான்களை அப்புறப்படுத்தப் போன இடத்தில்தான் அந்தப் படம் கிடைத்தது. அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. “செத்த மனுசரை இப்பிடியே வைக்கிறது? பாவம், மனுசிக்குத் தூக்கி மாட்ட ஏலாமல் போச்சுதாக்கும்” என்றார். கண்ணாடியைத் துடைத்து, இரண்டு நெற்றியிலும் சந்தனப் பொட்டு வைத்து, தமிழ்க் கடையில் செவ்வந்தி மாலை வாங்கிப் போட்டார். அவர் வீட்டு நடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியவன் நான். வீடு திரும்புகிறவருக்கு நல்லதொரு வரவேற்பு என்ற பெருமை எனக்கும் இருந்தது.

ஊன்றுகோலுடன் வந்தவர் படத்தைக் கண்டதும் கோட்டைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்துவிட்டார். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று காத்து நின்றோம். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டாம் உலகப் போரின் முதல் மாதங்களில் தகப்பன் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தாராம். ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, தண்ணீரில் கிடந்தவர்கள் கூப்பிடக் கூப்பிட விலகிப் போனார்களாம். அவர்கள் கூப்பிட்ட விதத்தைத் தகப்பன் பிறகு கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் விருந்துகளில் நடித்துக் காட்டுவாராம். சின்னப் பிள்ளையாக இருந்த தானும் விழுந்து விழுந்து சிரித்ததைச் சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது. சித்தப்பாவின் படை போலந்துக்குள் புகுந்த கையோடு ஒரு கிராமத்துச் சனத்தைக் களஞ்சியத்தில் அடைத்து நெருப்பு வைத்ததாம்.

“எறிந்தால் மறைத்ததாகிவிடும். மாட்டினால் மதித்ததாகிவிடும். அதனால்தான் சுவரைப் பார்க்க வைத்தேன்.”

அம்மா எட்டி மாலையைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்க அவருக்கு ஜெர்மன் வரவில்லை. இங்கேயே படித்து வளர்ந்த எனக்கும் வரவில்லை. அப்போதுதான் வீட்டுக்கார அம்மா, குற்றம் சாட்டாத மெல்லிய குரலில், இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டார்.

“உங்கள் தம்பி கடலில் என்ன செய்தார்?”

“அவன் நல்ல பிள்ளை” என்றார் அம்மா.

“என் அப்பாவும் நல்லவர்தான். எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர்.”

அதன் பிறகும் அவர் கார்த்திகையில் வந்து நின்றார். அம்மாதான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போன மாசியில் வீட்டுக்கார அம்மா இறந்துபோனார்.

இந்தக் கார்த்திகையில் அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு ஏற்றாமல் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மாமா அங்கே என்னதான் செய்தார் என்று முதல்முறையாகக் கேட்டேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“தெரியாது மோனை. லீவிலை வந்து நிக்கேக்கை சோறு போட்டுக் குடுப்பன். தொடாமல் தன்ரை கையையே பாத்துக்கொண்டு இருப்பான். ஏனெண்டு நான் கேக்கேல்லை.”