எமனுக்கும் ஒரு "வரேன்"

கனகசெட்டிக்குளத்துக் காசிலிங்கத்துக்குக் கடலுக்குப் போகிற உடம்பு போய், வாரம் மூணு நாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற உடம்பு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. கிட்னி ரெண்டும் கைவிட்டுவிட்டன. மிஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற நாலு மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க அவர் என்ன மரக்கட்டையா? கதை சொல்வார். பாதி கேள்விப்பட்டது, பாதி புளுகு.

முதல் நாள் கிளம்பும்போது வாய்ப் பழக்கத்தில் "வரேன் சிஸ்டர்" என்றுவிட்டார். கூட வந்த மனைவி சாந்தி வெடுக்கென்று கையைக் கிள்ளினாள். ஆஸ்பத்திரியிலும் எழவு வீட்டிலும் யாராவது அப்படிச் சொல்வார்களா? நர்ஸ் சங்கவிதான் சிரித்தாள். "இந்த வார்டுல மட்டும் சொல்லலாம்ண்ணே. இங்க திரும்பி வந்தாதான் நல்லது." அன்றிலிருந்து அங்கே எல்லாரும் வரேன், வரேன் என்றுதான் கிளம்புகிறார்கள்.

பக்கத்துக் கட்டில் புருஷோத்தமன், முத்தியால்பேட்டையில் பைக் மெக்கானிக். கொஞ்ச நாளாக அந்த மனுஷனுக்கு எல்லாம் வெறுத்துப்போச்சு. "என் பொண்ணு வேலைக்குக்கூடப் போகாம என்னை இட்டுக்கினு அலையுது. போதும்யா, நிறுத்திடலாம்னு இருக்கேன்," என்றார் ஒரு செவ்வாய்க்கிழமை. டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த வார்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

காசிலிங்கம் பதறிப்போய், முந்தின நாள் போனில் கேட்ட சீனத்துக் கதையை எடுத்துவிட்டார். ஓர் எத்தன் உயிரை எடுக்க எமனே குதிரையில் வருகிறார். "உங்க குதிரையைவிட என் கழுதை வேகம். ஆனா என் சட்டையைப் போட்டிருந்தாத்தான் ஓடும்" என்று எத்தன் அளக்கிறான். எமனும் நம்பி, சட்டையையும் குதிரையையும் மாற்றிக்கொள்கிறார். எமன் உடுப்பில் எமலோகத்துக்கு முந்திப்போன எத்தன், "பின்னாடி கழுதையில ஒருத்தன் வரான், மொத்துங்கடா!" என்று காவல்காரர்களிடம் சொல்லிவிடுகிறான். எமனுக்குச் சொந்த வாசலிலேயே தர்ம அடி.

"எமனுக்கு ஏதுய்யா குதிரை? அவரு எருமையைவிட்டு எறங்கவே மாட்டாரே," என்றார் புருஷோத்தமன், சிரிக்காமல். கிளம்பும்போது, "போறேன்" என்றார்.

போறேனாம்! தெருமுனைக் கடைக்குப் போகிறவன்கூடச் சொல்லாத சொல். பஸ்ஸில் காசிலிங்கம் சாந்தியிடம் புலம்பினார். "கதையை நம்ம ஊருக்கு மாத்தணும்டி. எருமையிலயே வரட்டும். ஆனா அடி மட்டும் வேணாம். அடி வாங்கின கோவத்துல நேரா எங்க வார்டுக்கில்ல வருவாரு? அடிக்காம ஏமாத்தணும்."

"என்னமோ பண்ணுய்யா," என்றாள் சாந்தி.

மறுநாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டார், ஒன்றும் ஒட்டவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தனக்கொடி, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, "வரேன் சாந்தி" என்று எழுந்து போனாள். காசிலிங்கம் குபீரென்று சிரித்தார். "வரேன்னு சொல்லிட்டுப் போறா பாருடி!"

வியாழக்கிழமை ஊசி ஏறினதும் ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம கரையில எமன் எருமையோட நிக்கிறாரு. வாடாங்கிறாரு. வலையைச் சுருட்டிக்கினு இருந்தவன் கும்பிடு போட்டு, 'சரி சாமி, வரேன்'ங்கிறான். சொல்லிட்டு வீட்டுக்கு நடையைக் கட்டிட்டான். எமன் நிக்கிறாரு, நிக்கிறாரு, எருமை மணல்ல படுத்தே போச்சு. கடைசியில வீட்டுக்கே வந்து, 'வரேன்னு சொன்னியேடா!'ன்னு கத்துறாரு. 'ஆமா சாமி, எங்க ஊர்ல கிளம்பும்போது அப்படித்தான் சொல்லுவோம்.' எமனுக்கு வெக்கமாப் போச்சு. 'அப்படியா, சரிடா, வரேன்'னாரு. அவன் பதறிப்போய், 'ஐயையோ, நீங்க மட்டும் போறேன்னே சொல்லுங்க சாமி!'"

வார்டே சிரித்தது. புருஷோத்தமன் குலுங்கின குலுங்கலில் மிஷின் கீச்சுக்கீச்சென்று கத்த, சங்கவி ஓடிவந்து, "கையை ஆட்டாதீங்க!" என்று அதட்டினாள்.

எல்லாம் முடிந்து புருஷோத்தமன் செருப்பை மாட்டினார். காசிலிங்கம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேன்யா," என்றார் புருஷோத்தமன்.

காசிலிங்கத்துக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் பயமும் வந்தது. தான் சொன்ன கதையே தன்னை மிரட்டியது.

"யோவ், இது யாருகிட்டச் சொல்ற வரேன்? எமன்கிட்டயா, எங்ககிட்டயா?"

"ரெண்டு பேருகிட்டயும்தான்," என்றார் புருஷோத்தமன். "உங்ககிட்டச் சொன்னதுதான் நெசம்."