குழாயில் ஊற்றியது எந்தத் தண்ணீர்?

பத்து நாளில் மூன்று முறை மரக்காணம் போய் வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

புதிய வாசகர்களுக்கு என் வேலை பற்றி நாலு வரி. சூரியனுக்குள் நடக்கிற அணு இணைவைப் பூமியில் நடத்திப் பார்க்க ஓர் உலை கட்டுகிறார்கள். அதைச் சூடேற்றும் கருவியில் செம்புத் தகடுகள் உண்டு. கருவி ஓடும்போது அவற்றுக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். சில நொடி நின்றாலும் தகடு உருகிவிடும். அந்தத் தண்ணீர்ப் பாதையை வடிவமைப்பவள் நான். "ஓ... பிளம்பிங்கா?" என்பார்கள் உறவினர்கள். ஆமாம், பிளம்பிங்தான்!

அதற்கான எவர்சில்வர் குழாய்களைச் செய்வது மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிய ஒரு பட்டறை. செய்து முடித்ததும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பார்கள். அது உப்பு நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். உள்ளே உப்பு தங்கினால் எவர்சில்வரில் மயிரிழை விரிசல் விழும் — இன்றைக்கு அல்ல, எல்லோரும் கைதட்டிவிட்டுப் போன பிறகு.

முதல் முறை நான் போனபோது டெஸ்ட் முடிந்திருந்தது. பட்டறை சூப்பர்வைசர் நீட்டிய டெஸ்ட் படிவத்தில் 'சுத்த நீர்' என்ற வரி மட்டும் கண்ணில் பட்டது. மீதியைப் படிக்காமலே பேனாவைத் திறந்தேன். குழாய் துடைத்துக்கொண்டிருந்த ஹெல்பர் செல்வி பக்கத்தில் வந்தார். முன்பு உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

"மேடம்... பின்னாடி இருக்கிற போர் தண்ணிதாங்க ஊத்தனோம். மூஞ்சில தெறிச்சுது. ஒரே கரிப்பு."

"உப்பு வார்றவளுக்கு இதுல என்ன தெரியும்? போய் வேலையப் பாரு!" என்று சீறினார் சூப்பர்வைசர்.

குழாயில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, உப்பளவு காட்டும் மீட்டரை விட்டேன். எண் எகிறியது. அத்தனை குழாயும் ரிஜெக்ட்; அலசிவிட்டு மறுபடி டெஸ்ட் செய்தால்தான் கையெழுத்து என்றேன்.

"யார் சொன்னது?" என்று ஓடி வந்தார் மேனேஜர். பாராட்டுகிற நினைப்பில் செல்வியைக் கை காட்டினேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

இரண்டு நாள் கழித்துப் போனால் செல்வி இல்லை. "அவங்களே நின்னுட்டாங்க மேடம்" என்றார்கள். விசாரித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். கொதிக்கும் வெயிலில் பாத்தி ஓரம் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"நானா நிக்கலீங்க. நாளையிலேர்ந்து வராதன்னு சொல்லிட்டாங்க. நீங்க எதுக்குங்க என்னைக் கை காட்டுனீங்க?"



பொய் எழுதியவர் ஏசி அறையில். உண்மை சொன்னவர் வெயிலில். இது எந்த ஊர் நியாயம்? தரம், தரம் என்று சுவரெல்லாம் போர்டு மாட்டுகிறோமே... யாருக்காக?

நேரே மேனேஜரிடம் போனேன். "மறு டெஸ்ட்டுக்குச் செல்விதான் சாட்சி. அவங்க வேலையும் திரும்ப வேணும். இல்லன்னா என் கையெழுத்து கிடையாது."

"ஒரு ஹெல்பருக்காக இவ்ளோவா மேடம்? அப்படி ரூல் எதுவும் இல்லையே?"

"இல்லதான். இப்ப நான் போடறேன்."

முனகினார். வேறு வழியில்லை, ஒத்துக்கொண்டார். குழாய்களைத் திரும்பத் திரும்ப அலசினார்கள். சுத்த நீர் வந்தது. செல்வியும் வந்தார் — இஸ்திரி போட்ட புடவையில், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இந்த முறை மீட்டர் அடங்கியிருந்தது. ஒரு சொட்டுக் கசிவில்லை.

சூப்பர்வைசர் படிவத்தைச் செல்வியிடம் நீட்டி, "சீக்கிரம் ஒரு கையெழுத்து போடும்மா" என்றார்.

"இருங்க சார். படிச்சுட்டுப் போடறேன்."

ஐந்தாவது வரை படித்தவர். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரை படித்தார். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டு காத்திருந்தோம்.

அந்தப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவர்தான் — என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!