அண்ணாந்தான் பெயிலாகப் போன கதை

பட்டறையில் அவரை எல்லோரும் அண்ணாந்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பதினெட்டு வருஷமாகத் தலைக்கு மேலே இருக்கும் இரும்பைத்தான் அவர் பற்றவைக்கிறார். தொட்டிக்கு அடியில், பாலத்தின் வயிற்றில், கொதிகலனுக்குள் மல்லாந்து என்று மற்றவர்கள் முகம் சுளிக்கிற இடமெல்லாம் அவர் தலையில்தான் விழும். மேஜை மேல் தகட்டை வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெல்டிங் வைக்கிற பாக்கியவான்களும் அங்கே உண்டு. அவர்களைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? வெல்டிங் குச்சியின் மேல் பூசியிருக்கும் மருந்து உருகினால் கசடு. இரும்பைவிட லேசான சரக்கு. எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும். மேஜைக்காரனுக்கு அது தானே மிதந்து வந்து, ஆறியதும் ஓடு மாதிரி உரிந்துவிடும். அண்ணாந்து வைப்பவனுக்கு எல்லாம் தலைகீழ். மேலே போகிறேன் பேர்வழி என்று அது இணைப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். குச்சியின் நுனியை இரும்போடு ஒட்டினாற்போல் பிடித்து, உருகும் குழம்பைச் சின்னதாக வைத்து, நெருப்பாலேயே கசடை விரட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் முடிந்ததும் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஓரத்துப் பள்ளத்தில் கடுகளவு விட்டாலும் அடுத்த அடுக்கு அதை உள்ளே வைத்து மூடிவிடும். சரி, விரட்டிய கசடு எங்கே போகும்? கீழே நிற்கிற ஆளின் காலருக்குள்தான். ஒருமுறை காதுக்குள்ளேயே போயிருக்கிறது.

இப்போது கழுத்து கைவிட்டுவிட்டது. எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் அண்ணாந்து பார்க்கும் வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கையில் மூன்று விரல் அவ்வப்போது மரத்துப் போகிறது. ஃபோர்மேனிடம் மூன்று முறை போய் நின்றார். முதல் முறை அவன் சிரித்தான். இரண்டாம் முறை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றான். மூன்றாம் முறை தோளில் கை போட்டு, "நீங்க எறங்கிட்டா மேல யாருண்ணே?" என்று கேட்டான். பாராட்டுகிற மாதிரியே ஆளைக் கட்டிப்போடுவதில் அவன் கெட்டிக்காரன்.

இதைக் கேட்ட மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"நல்லாச் செய்யிறதாலதானே உங்கள விடமாட்டேங்கிறாங்க? ஒரு தடவ கெடுத்துத்தான் பாருங்களேன்."

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்வு உண்டு. தலைக்கு மேல் தகட்டை மாட்டிப் பற்றவைத்து, அதைத் துண்டு போட்டு வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே கசடு இருந்தால் வளைக்கும்போதே வாய் பிளந்துவிடும். பெயிலானால் மேல்வேலை கிடையாது, மேஜைதான். தேர்வுத் தகடு யார் தலையையும் தாங்கப் போவதில்லை. கடைசியில் குப்பைக்குப் போகிற இரும்பு. அதனால் மனச்சாட்சியும் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை.

கைதான் முரண்டு பிடித்தது. முதல் அடுக்கு முடிந்ததும் அது தானாகச் சுத்தியலைத் தேடிப் போனது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கசடைத் தட்டாமலே, கரண்டைக் குறைத்து இரண்டாவது அடுக்கை வைத்தார். திருட்டு வேலை செய்வதுபோல் இருந்தது. ஓரம் முழுக்கக் கசடு சிக்கியிருப்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இனி மேலடுக்கு ஒன்றுதான் பாக்கி. அதை எப்படி வைத்தாலும் பெயில்தான் என்று நினைத்தார். கரண்டைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்து, ஒரே சீராக வைத்து முடித்தார்.

தகடுகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்தபோது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஒன்பது பேரின் தகடுகள் வரிசையாக இருந்தன. எட்டை அறுக்க அனுப்பிவிட்டு, ஒன்பதாவதைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். ஃபோர்மேன் பெருமையாகச் சொன்னான். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"வளைச்சுப் பாத்துருங்க சார்," என்றார் அண்ணாந்தான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தன் கைமேல் இருக்கிற கர்வத்தில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"உங்க கைய நம்பாம வேற யார நம்புறது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் இன்ஸ்பெக்டர்.

உள்ளே கசடு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வேண்டுமென்றே கெடுத்தவனுக்கு மேஜையும் கிடைக்காது, வாசலைக் காட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டார். ஃபோர்மேன் அந்தத் தகட்டை எல்லோரும் பார்க்கட்டும் என்று சுவரில் மாட்டினான். மதியமே அவரைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கத்துக்கு அனுப்பினான். ஆட்கள் நடமாடுகிற இடத்துக்கு மேலே இருக்கும் தொட்டி அது. ஒவ்வொரு அடுக்கையும் இரண்டு முறை தட்டிச் சுத்தம் செய்தார். கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. முகமூடிக்குள் கண்ணீர் வந்தது; யாருக்கும் தெரியாதது ஒன்றுதான் நிம்மதி.

சாயங்காலம் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் முதலில் சிரித்துவிட்டாள். அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பியதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"மேலடுக்கையாவது கொஞ்சம் கோணலா விட்டிருக்கக் கூடாதா?"

"மனசு வரல."

அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டாள். இரண்டு வருஷம் ஆகும் என்றார். அவள் மிஷினில் கிடந்த துணியை மடித்து வைத்தாள்.

"அப்பவும் உங்களுக்கு மனசு வராது," என்றாள்.