மிளகாய்க் களத்தில் இறங்கிய விமானம்

போன வாரம் நண்பர் ஒருவரை வழியனுப்ப மதுரை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். விமானம் ஓடி வந்து நின்றது. நான் தும்மினேன்... ஒன்பது தடவை!

நண்பர் பதறிவிட்டார். என் மனைவி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன?

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஒரு புல்வெளி உண்டு. யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் பனைகளை வெட்டி, தரையைச் சமப்படுத்தி, விமானம் இறங்கப் போட்டது. நாற்பத்தேழில் அவன் போனான், ஆடுகள் வந்தன. பின்னாலேயே மிளகாய் வந்தது. அப்படி வெயிலும் காற்றும் உள்ள களம் வேறெங்கே கிடைக்கும்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்குனி. அத்தையின் மிளகாய் முழுவதும் அங்கே காய்ந்துகொண்டிருந்தது. அத்தை மகளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். மிளகாய் விலைபோனால் வைகாசியில் கல்யாணம். இல்லையென்றால்... அடுத்த அறுவடைக்குப் பிறகு!

அப்போதுதான் தலையாரி வந்து சொன்னார் — அங்கே விமான நிலையம் கட்டலாமா என்று பார்க்க, நாளைக்கு ஓர் அதிகாரி விமானத்திலேயே வருகிறாராம். களத்தைக் காலி செய்ய வேண்டுமாம்.

"எதுக்கு முழுசையும் அள்ளணும்?" என்றார் அத்தை. "பருந்து மாதிரி மேல இருந்துதானே இறங்கப்போகுது? நடுவுல ஒரு வட்டம் ஒதுக்குனாப் போதும்."

ஒதுக்கினோம். பெருக்கித் தண்ணீர் தெளித்தோம். கோலம்கூடப் போட்டாயிற்று!

விமானம் ஓடித்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். யுத்தகாலத்தில் யாரையும் கிட்டே விட்டதில்லை. நான் தூரத்துப் பனையில் ஏறிப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாமியாராகப் போகிறவரை எதிர்த்துப் பேச எந்த மாப்பிள்ளைக்குத் தைரியம் உண்டு?

மறுநாள் விமானம் வந்தது. கோலத்தைக் கவனிக்கவே இல்லை. இந்தக் கோடியில் இறங்கி அந்தக் கோடிவரை ஓடியது — மிளகாயின் மேலேயே! விசிறி கிளப்பிய காற்றில் வானமே சிவந்தது. ஊர் தும்மியது. ஆடுகள் தும்மின. இறங்கிய அதிகாரியும் தும்மினார்.

"என்னம்மா... அச்... இதெல்லாம்?"

"குண்டு மிளகா சாமி. காரம் சாஸ்தி" என்றார் அத்தை, பெருமையாக.

அதிகாரி வந்த வேகத்தில் திரும்ப ஏறிக்கொண்டார்.

கருவேலம் புதர், வேலி, ஆட்டு முதுகு — ஊரே சேர்ந்து பொழுது சாயும்வரை மிளகாய் பொறுக்கியது. முக்கால்வாசி தேறியது. எனக்கு உயிர் வந்தது.

அத்தை என்னிடம் வந்தார். "ஏலே, அது ஓடித்தான் நிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"பெறகு ஏன்லே சொல்லல?"

"நீங்க சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அடிப்பாரோ? சிரித்துவிட்டார். "இம்புட்டு அடக்கமான மாப்பிள்ள வேற எங்கன கெடைப்பான்? வைகாசிக்கே நாள் பாருங்க!"

எங்கள் ஊருக்கு ஏன் இன்னும் விமான நிலையம் வரவில்லை என்று கேட்டுக் கடிதம் எழுதும் வாசகர்களே, மன்னியுங்கள்... எனக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது!