மாமியார் கழுத்தில் வைத்த கால்

நான் காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாகரசம்பட்டியில் மாங்காய்க் கூடை சுமந்து கழுத்துப் பிடித்தவர்கள் விடிந்ததும் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் கல்யாணமாகி, தளியில் இருந்த புருஷன் வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போது அம்மா காதோடு சொன்னாள்: "அங்க போயி இதச் சொல்லிக்காத. ஊரு கழுத்தெல்லாம் உன் தலையில விழும்." நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் என் தங்கைக்கு நிச்சயம். ராகி அறுப்பைக் காரணம் காட்டி மாமியார் என்னை அனுப்பவில்லை. அழுதேன், பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அவள் மசியவில்லை.

நாலு நாள் கழித்து, சந்தைக்குப் போக அவரைக்காய்க் கூடையைத் தலையில் ஏற்றியவள் "அய்யோ" என்று அப்படியே நின்றுவிட்டாள். கழுத்து பிடித்துக்கொண்டது. என்னைத் திட்டுவதற்குக்கூட முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லுவானேன்.

என் வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் தடவி உலக்கையை உருட்டிப் பார்த்தார். நான் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். குறையவில்லை. உலக்கை கழுத்து முழுக்க ஒரே மாதிரி ஓடும். முடிச்சு எங்கே என்று அதற்குத் தெரியாது, குதிகாலுக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் விடியும்போது பார்த்தேன். படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். என்மேல் எனக்கே வெறுப்பாகிவிட்டது. எழுப்பினேன்.

"அத்தை, நான் காலால பொறந்தவ."

பாயில் ஒருக்களித்துப் படுத்தாள். அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எண்ணெய் தடவிய குதிகாலை அவள் காதுக்குக் கீழே வைத்தேன். மாமியார் கழுத்தில் கால் வைக்க எத்தனை மருமகள்களுக்கு ஆசை இருந்திருக்கும்! எனக்கு வாய்த்தபோது அவளுக்கு வலிக்குமோ என்றுதான் பார்த்தேன். தோள் வரைக்கும் மெதுவாக நீவினேன். நாலு விரல் கீழே கடலை அளவு முடிச்சு உருண்டது.

அடுத்தடுத்து மூன்று நாள் விடியற்காலையில் நீவியதில் கழுத்து திரும்பியது. திரும்பியதும் அவள் பார்த்தது என்னைத்தான்.

"மொத நாளே ஏன் சொல்லல?"

"கோவம் அத்தை."

"நிச்சயத்துக்கு அனுப்பலன்னுதானா?"

"ஆமா."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவளோ கழுத்தைத் தடவிக்கொண்டு, "நானா இருந்தா ஒரு வாரம் விட்டிருப்பேன்" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மா செத்தப்பவே இந்த வீட்ல என்னைக் கருமாதிக்குத்தான் அனுப்புனாங்க. மொகம் பாக்கல நான்."