காலண்டர் அட்டையில் என் நம்பர்

போன வாரம் மாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆட்கள் வந்தார்கள். பரணைக் காலி செய்தபோது, பழைய குக்கருக்கும் உடைந்த டேபிள் ஃபேனுக்கும் அடியிலிருந்து ஒரு தினசரி காலண்டர் அட்டை வந்தது. முன்பக்கம் முருகன். பின்பக்கம் என் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், 'மாடி வீடு வாடகைக்கு'. கீழே என் செல் நம்பர். மார்க்கர் மை மங்கவே இல்லை. மங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் கேளம்பாக்கம். அப்போது நான் சிறுசேரியில் மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். பக்கத்து இருக்கைக்குக் கென்யாவிலிருந்து கிரேஸ் வந்தார். கம்பெனி விடுதியில் ஒரு மாதம்தான் இடம், அதற்குள் வீடு பிடிக்க வேண்டும். மேனேஜர், உள்ளூர்க்காரியாச்சே என்று என்னைக் கை காட்டிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரையே என் பேருக்கு எழுதி வைத்த மாதிரி, சாயங்காலம் ஆனால் ஷேர் ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆட்டோ குலுக்கலிலேயே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன்: "வணக்கம், வீடு இருக்குங்களா?" டீச்சர் ஆகியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறக்காமலே பேசினார்கள்.

"இன்னாது, ஆப்பிரிக்காவா? வேணாம்மா, அப்பால பேஜாராப் பூடும்."

கிரேஸ் என் முகத்தைப் பார்ப்பார். நான் இங்கிலீஷில், "இந்த வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினையாம்" என்பேன். அடுத்த தெருவில் ஒரு அம்மா, "இன்னா கலருமா இது! எங்க வூட்டுப் பசங்க பயந்துக்கும்" என்றார். அங்கேயும் தண்ணீர்ப் பிரச்சினை. பத்து வீட்டில் ஏழு வீட்டுத் தண்ணீரை நானே வற்ற வைத்தேன். மனசு நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறேன் என்று என்னையே பாராட்டிக்கொண்டேன். கிரேஸ் ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு, அந்த வீட்டுக்காரருக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு வருவார்.

இத்தனைக்கும் எங்கள் மாடி வீடு காலியாகத்தான் கிடந்தது. இந்த அட்டை வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருப் பக்கம் மட்டும் நான் அவரை அழைத்துப் போகவில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். அப்போது என்னைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ஜாதகத்தோடு கொடுக்கும் தாளில் என்னை 'மாநிறம்' என்று எழுதியிருந்தோம். என்னை நேரில் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது மாடிப்படியில் கிரேஸ் இறங்கி வந்தால் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். பயம் என்பது பாதிதான். மீதி, கலரைச் சொல்லி விரட்டிய அந்த அம்மாவுக்கு இருந்த அதே புத்தி.

ஒரு சனிக்கிழமை காலை என் போன் அடித்தது. திரையில் கிரேஸ் பெயர். ஜன்னல் வழியாகப் பார்த்தால், எங்கள் கேட்டுக்கு வெளியே அட்டையைப் பார்த்தபடி அவரே நிற்கிறார். தனியாகவே வீடு தேடிக் கிளம்பியிருக்கிறார். கேட்டில் அட்டை தொங்கினால் வீடு காலி என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அட்டையிலிருந்த நம்பரைத் தட்டியதும் அவர் போனிலும் என் பெயர் வந்திருக்கும். இருந்தும் வைக்கவில்லை.

"வணக்கம், வீடு இருக்குங்களா?" நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டார்.

வேறு எதுவும் தோன்றாமல், பழக்க தோஷத்தில் சொன்னேன்: "கிரேஸ், இங்கே தண்ணீர்ப் பிரச்சினை."

சொல்லி வாய் மூடவில்லை, மோட்டாரை நிறுத்த மறந்ததில் மேல் தொட்டி நிரம்பி, மாடிச் சுவர் வழியாகத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. "மோட்டார நிறுத்துடி, தண்ணி ஊத்திகினு கீது பாரு!" என்று சமையலறையிலிருந்து அம்மா போட்ட சத்தம் கேட்டைத் தாண்டியும் கேட்டிருக்கும். கிரேஸ் அண்ணாந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார்.

"ஓ, இங்கேயுமா?" என்றார். கோபமே இல்லை. போனை வைத்துவிட்டு நடந்து போனார்.

அடுத்த வாரம் கோவளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் வீட்டின் பின்கட்டு அவருக்குக் கிடைத்தது. பால் காய்ச்சுகிறேன் என்று ஆபீஸில் எங்களைக் கூப்பிட்டார். புது வீட்டில் பால் பொங்க வேண்டும் என்று ஆட்டோவில் நான் அளந்ததை ஞாபகம் வைத்திருந்தார். பாயின் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "புள்ள தனியா வந்துகீது. எங்க போவும், சொல்லு?" என்று என்னிடம்தான் கேட்டார். பால் பொங்கியதும் கிரேஸ் முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். "எனக்கு வீடு தேடி அலைந்தது இவர்தான்" என்று எல்லோரிடமும் சொன்னார். குத்திக் காட்டுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. அந்தப் பாலை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போகும்வரை அந்த போன் பற்றி அவர் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அட்டையோடு பரணடியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "இன்னாடி?" என்றாள் அம்மா. முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷமும், அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடி? நான் குடுத்துருப்பேனே" என்றாள்.

வாசலில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அம்மா குழாயை எடுக்க ஓடினாள். இப்போது யாரும் கேட்டில் அட்டை மாட்டுவதில்லை, எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. போர்வெல் வற்றி மூன்று கோடை ஆகிவிட்டது. தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் எங்கள் தெருவில் இப்போது எந்த வீட்டிலும் கேட்பதில்லை.