தொண்டியில் தின்ற சாண்ட்விச்

தொண்டிக் கடற்கரைச் சாலையில் அன்று நானும் பள்ளித்தோழன் சரவணனும் இருந்தோம், அப்பா உடன் வரவில்லை. எனக்கு வேலை கிடைத்ததற்காகப் பழனிக்கு நடக்க, அப்பாவும் நானும் மாலை போட்டிருந்தோம்.

பழைய படகையே கடையாக்கி ஒருவர் சாண்ட்விச் விற்றார். "ஒனக்கு உருளைக்கிழங்குதான்டா மாப்ள" என்று சரவணன் வாங்கிவந்து கொடுத்தான். மசாலாக் காரத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாதி தின்றபோது கடைக்காரர் என் கழுத்தைப் பார்த்துப் பதறினார்.

"ஏந்தம்பி, மாலையோட நண்டு திங்கிறீக?"

வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சரவணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நண்டும் ஒங்கூடப் பழனிக்கு நடக்கட்டும்டா!"

வீட்டில் மாலையைக் கழற்றிவிட்டு நடந்ததைச் சொன்னேன். "அவன நம்ம வீட்டுப் பிள்ளைன்னுல்லப்பா நெனச்சேன்" என்ற அப்பா, பழனிக்குத் தனியாகவே நடந்து போனார்.

முருகன் என்னை மன்னித்திருப்பான். எனக்குத்தான் சரவணனை மன்னிக்க மனம் வரவில்லை. அன்று என் முதல் சம்பளத்திலிருந்து, அவனுக்காக ஆசையாக அந்தச் சாண்ட்விச்சுகளுக்கு நான் கொடுத்த காசு, நூற்றெண்பது ரூபாய்.